முடிவு தெரிந்த கதையில் பதற்றம்: உயிர் பிழைத்தோர் வரலாறுகளை எழுதும் மொழி

உயிர் பிழைத்தவர் எழுதிய நூலைக் கையில் எடுக்கும்போதே வாசகருக்கு முடிவு தெரியும். ஆள் பிழைத்துவிட்டார்; பிழைத்ததால்தான் நூல் இருக்கிறது. அட்டையில் அவருடைய படம், பின்னட்டையில் எத்தனை நாள் தவித்தார் என்ற கணக்கு, முன்னுரையில் காப்பாற்றியவர்களுக்கு நன்றி. துப்பறியும் நாவலாசிரியர் கடைசிப் பக்கம்வரை பொத்திவைக்கும் செய்தியை இந்த வகை நூல் கடை அலமாரியில் இருக்கும்போதே சொல்லிவிடுகிறது. அப்படியிருந்தும் நல்ல நூலாக அமைந்துவிட்டால் நள்ளிரவானாலும் கீழே வைக்க மனம் வருவதில்லை.

கொலம்பியக் கடற்படையின் 'கல்தாஸ்' என்ற போர்க்கப்பலிலிருந்து 1955 பிப்ரவரி 28 அன்று எட்டு மாலுமிகள் கடலில் விழுந்தார்கள். பிழைத்தவர் லூயிஸ் அலெஹாந்த்ரோ வெலாஸ்கோ ஒருவர்தான். அவரைப் பல நாட்கள் உட்காரவைத்துக் கேட்டு, காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் அந்தக் கதையை 'எல் எஸ்பெக்தாதோர்' நாளிதழில் 14 பகுதிகளாக எழுதினார். 1970-இல் நூலானபோது அதற்கு வைத்த முழுத் தலைப்பே ஒரு சிறு பத்தி. மாலுமி பத்து நாள் சோறு தண்ணீரின்றி மிதவையில் கிடந்தது, நாடு அவரை வீரனாகக் கொண்டாடியது, அழகிகள் முத்தமிட்டது, விளம்பரத்தில் பணம் சேர்ந்தது, கடைசியில் அரசு வெறுத்து ஒதுக்க எல்லோரும் மறந்தது என அத்தனையும் தலைப்பிலேயே வந்துவிடுகின்றன. முதல் பக்கத்தைப் புரட்டுமுன் மொத்தக் கதையும் முடிந்துவிடுகிறது. ஆனாலும் ஐந்து மணிக்குச் சுறாக்கள் வரும் நேரம் நெருங்கும்போது வாசகர் மிதவையின் ஓரத்திலிருந்து காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார்.

காரணம் இதுதான்: முடிவு வாசகருக்குத் தெரியும், மிதவையில் இருப்பவருக்குத் தெரியாது. வாசகர் மனத்தில் இருக்கும் 'பிழைத்துவிட்டார்' என்ற செய்தியைச் சற்று நேரம் செயலிழக்கச் செய்து, அந்த ஆளின் அறியாமைக்குள் அவரை அடைத்துவைப்பதே மொழிக்கு இங்கு உள்ள வேலை. இந்த இயலில் வரும் உத்திகள் யாவும் அந்த ஒரு வேலைக்காக ஏற்பட்டவை.

யாருக்கு எப்போது என்ன தெரியும்

ஜோ சிம்ப்சனின் 'டச்சிங் த வாய்ட்' (1988) இந்த வகையில் பாடநூல் போன்றது. 1985-இல் பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் 6,344 மீட்டர் உயரமுள்ள சியுலா கிராண்டே சிகரத்தை ஏறி முடித்து இறங்கும்போது சிம்ப்சனுக்கு வலது கால் முறிந்தது. உடன் வந்த சைமன் யேட்ஸ், இரண்டு கயிறுகளை முடிச்சிட்டு ஒன்றாக்கி அவரைக் கட்டங்கட்டமாகக் கீழே இறக்கினார். இருட்டும் பனிப்புயலும் சேர்ந்த நேரத்தில் சிம்ப்சன் ஒரு பனி விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கினார். மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியவில்லை, கூப்பிட்டாலும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் எடையைத் தாங்கிய யேட்ஸ், தான் உட்கார்ந்திருந்த பனிக்குழி சரியத் தொடங்கியதும் கயிற்றை அறுத்தார். சிம்ப்சன் பனிப்பிளவுக்குள் விழுந்தார்.

நூல் பெரும்பாலும் சிம்ப்சனின் 'நான்' ஆக நகர்கிறது. இடையிடையே யேட்ஸின் பார்வையில் சொல்லப்படும் பகுதிகள் குறுக்கிடுகின்றன. அறுத்த பிறகு யேட்ஸ், நண்பர் இறந்துவிட்டதாக நம்பி முகாமுக்கு இறங்குகிறார். பிளவுக்குள் சிம்ப்சன் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது வாசகருக்குத் தெரியும். யேட்ஸ் வைக்கும் ஒவ்வோர் அடியும் வாசகருக்கு வலிக்கிறது. கூப்பிட்டு நிறுத்தவேண்டும்போல் இருக்கிறது. இங்கே வாசகருக்குப் பாத்திரத்தைவிட அதிகம் தெரியும். பிற்பாடு சிம்ப்சன் பிளவிலிருந்து வெளியேறி, பனியாற்றிலும் கற்குவியல்களிலும் தவழ்ந்து வரும்போது, முகாம் இன்னும் அங்கே இருக்கிறதா, கலைத்துக்கொண்டு போய்விட்டார்களா என்பது அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கங்களில் வாசகருக்கும் அதற்குமேல் தெரிவிக்கப்படுவதில்லை. ஒரே நூலில் இரு வகைப் பதற்றம். எழுதத் தொடங்குமுன் ஒவ்வொரு காட்சிக்கும் இதில் எது பொருந்தும் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் இரண்டும் கெடும்.

'அப்போது அவருக்குத் தெரியாது, இன்னும் சில மணி நேரத்தில்...' என்ற பாணி முன்னறிவிப்பு தமிழ் வார இதழ்களில் அளவுக்கு மீறிப் புழங்குகிறது. அது பாத்திரத்தின் தோளுக்குப் பின்னால் நிற்கும் வாசகரை இழுத்து மேடைக்கு வெளியே நிறுத்திவிடும். ஒரு நூலுக்கு ஒரு முறை போதும். இல்லாமலேயே எழுத முடிந்தால் இன்னும் நல்லது.

செய்தி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் வழியும் பதற்றத்துக்கு இடம் தரும். 1972 அக்டோபர் 13 அன்று 45 பேருடன் ஆண்டிஸில் விழுந்த உருகுவே விமானத்தில் பிழைத்தவர்கள், சில நாட்களுக்குப் பின் தேடுதல் கைவிடப்பட்டதைச் சிறு வானொலியில் கேட்டார்கள். பியர்ஸ் பால் ரீட் எழுதிய 'அலைவ்' (1974) இந்தக் கட்டத்தில் செய்தியோடு நின்றுவிடவில்லை. கேட்டவர்கள் வெளியே நிற்கிறார்கள்; கேட்காதவர்கள் உடைந்த விமானக் கூட்டுக்குள் இருக்கிறார்கள். ஒருவர் உள்ளே போய் அதை நல்ல செய்தி என்று அறிவிக்கிறார். இனி யாரையும் எதிர்பார்க்காமல் நாமே வெளியேற வேண்டும் என்பது அவர் கணக்கு. 72-ஆம் நாளில் 16 பேர் மீண்டார்கள் என்பதை அறிந்த வாசகருக்கும் அந்தச் சில அடி தூரம் நீண்டதாகவே இருக்கிறது.

வினை கடைசியில் வரும் மொழியின் வசதி

தமிழ் வாக்கியத்தில் ஆம் என்பதும் இல்லை என்பதும் கடைசிச் சொல்லின் கடைசி அசையில்தான் வெளிப்படும். பதற்றத்தை எழுதுபவருக்கு இது மொழி தானாகத் தரும் கொடை. 'இரண்டு கைகளாலும் பிடித்து, குதிகாலைப் பனியில் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் பின்னுக்குச் சாய்த்து இழுத்தும் கயிறு வர' என்பதுவரை வந்த வாசகருக்கு அடுத்து '-வில்லை' வருமா, வேறு ஏதாவது வருமா என்பது உறுதியில்லை. வாக்கியமே ஒரு சிறு காத்திருப்பாகிறது.

இந்த வசதியைக் கெடுப்பது பெயரெச்சம். 'அறுந்த கயிற்றைப் பிடித்து இழுத்தான்' என்றால் முதல் சொல்லிலேயே எல்லாம் முடிந்தது. 'கயிற்றைப் பிடித்து இழுத்தான். எடையில்லாமல் வந்தது. மேலும் இழுத்தான். நுனி கைக்கு வந்தபோது பிரிபிரியாக இருந்தது' என்று எழுதினால், அறுந்த செய்தி இழுப்பவனுக்கும் வாசகருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்கிறது. சிம்ப்சன் பனிப்பிளவுக்குள் கயிற்றை இழுத்துப் பார்த்துத் தனக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ளும் கட்டம் இந்த வரிசையில்தான் அமைந்திருக்கிறது: முதலில் விளைவு, பிறகு காரணம். ஆபத்தில் இருக்கும் மனிதர் உலகத்தை அந்த வரிசையில்தான் அறிகிறார். கை ஈரமாக இருப்பது முதலில் தெரியும். அது தண்ணீர் இல்லை என்பது பிறகு தெரியும்.

வினையெச்சத் தொடர் வேறொரு கருவி. 'சறுக்கி, புரண்டு, கோடரியைக் குத்தப் பார்த்து, குத்தாமல், மறுபடி புரண்டு' என்று முற்று வராமல் ஓடும் வரையில் வாசகருக்கு நிற்க இடமில்லை. விழுவதன் வேகம் இலக்கணத்திலேயே ஏறிவிடுகிறது. தொடர் முடிந்ததும் ஓரிரு சொற்களில் ஒரு முற்று வாக்கியம் வேண்டும். 'நின்றது.' இந்த இரண்டும் மாறி மாறி வருவதில்தான் ஓசை இருக்கிறது. பக்கம் முழுக்க மூன்று சொல் வாக்கியங்களாகவே அடுக்கினால் பதற்றம் வருவதில்லை. தந்திச் செய்தி படிக்கும் சலிப்புத்தான் வரும். பதற்றம் என்றாலே குறுவாக்கியம் என்ற நம்பிக்கை இங்கே பரவலாக இருப்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

துணைவினைகளில் 'விடு' கவனமாகக் கையாளவேண்டியது. 'தண்ணீர் தீர்ந்துவிட்டது' என்பது நடந்து முடிந்த பிறகு, எட்ட நின்று சொல்வது. 'தண்ணீர் தீர்ந்தது' அந்த நொடிக்குச் சற்று அருகில் வருகிறது. 'தண்ணீர் இரண்டு மடக்கு இருந்தது' என்பது அதற்கும் முந்தைய நொடி. பதற்றம் குடியிருப்பது அங்கேதான். ஒரு கையெழுத்துப் படியில் உள்ள 'விட்டது', 'விட்டார்' எல்லாவற்றையும் அடிக்கோடிட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் தேவையற்றவை என்பது தெரியவரும். 'பிடிக்கப் பார்த்தார்', 'எழ முயன்றார்' போன்றவை முடிவைத் திறந்தே வைப்பவை. நெருக்கடிப் பக்கங்களுக்கு அவை ஏற்றவை. 'ஒரே ஒரு தீக்குச்சிதான் இருந்தது' என்பதில் வரும் 'ஒரே', 'தான்' இரண்டும் எழுத்தாளர் வாசகரின் விலாவில் குத்துவது. 'ஒரு தீக்குச்சி இருந்தது' என்றால் வாசகர் தானே எண்ணிக்கொள்வார்.

நிகழ்காலத்தில் எழுதினால் பரபரப்புத் தானாக வரும் என்பது இன்னொரு நம்பிக்கை. தமிழில் '-கிறார்', '-கிறது' என்று தொடர்ந்து வரும் ஓசை, சில பக்கங்களிலேயே கிரிக்கெட் வர்ணனையாக மாறிவிடும். இறந்தகாலத்தில் நடத்திக்கொண்டு வந்து, காலமே உறைந்துபோன ஒரு கட்டத்தில் மட்டும் நிகழ்காலத்துக்கு மாறி, உடனே திரும்பிவிடுவது பலன் தரும்.

எண்கள்

பயத்தை வருணிக்க முடியாது, எண்ண முடியும். இந்த வகை நூல்களில் தேர்ந்தவை எல்லாமே கணக்குப் புத்தகங்கள்போல இருப்பதைக் காணலாம்.

ஸ்டீவன் கலஹானின் பாய்மரப் படகு 1982 பிப்ரவரியில் கேனரித் தீவுகளுக்கு மேற்கே மூழ்கியது. காற்றடைத்த ரப்பர் மிதவையில் அட்லாண்டிக்கின் குறுக்கே 76 நாட்கள் மிதந்தார். அவருடைய 'அட்ரிஃப்ட்' (1986) நூலில் பதற்றம் புயலில் இருப்பதைவிடச் சின்னக் கணக்குகளில்தான் அதிகம் இருக்கிறது. வெயிலில் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் பைகள் ஒரு நாளைக்குத் தருவது சுமார் அரை லிட்டர். பையில் ஓட்டை விழுந்தால் அன்றைய கணக்கு உதைக்கும். மிதவையின் அடிக்குழாய் கிழிந்தபோது அதை அடைக்கக் கிட்டத்தட்ட பத்து நாள் போராடுகிறார். ஒட்டு நிற்கிறது, பிதுங்குகிறது, மறுபடி கட்டுகிறார். வாசகர் அதற்குள் அரை லிட்டரின் மதிப்பை அறிந்திருப்பதால், பம்பு அடிப்பதில் வீணாகும் வியர்வையையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்.

இதற்கு முன்தயாரிப்பு வேண்டும். எண் நெருக்கடியில் முதன்முறையாக அறிமுகமானால் அது வெறும் தகவல். அமைதியான பக்கங்களில் அறிமுகமாகி, நெருக்கடியில் திரும்பி வந்தால்தான் அது அச்சமாகும். சிம்ப்சனை இறக்கிய கயிறுகளின் மொத்த நீளம் சுமார் 90 மீட்டர். நடுவில் முடிச்சு இருக்கிறது. கயிற்றை விடும் தகட்டின் வழியாக அந்த முடிச்சு போகாது. அதைக் கடத்த வேண்டுமானால் கீழே தொங்குபவர் ஒரு நிமிடமாவது தன் எடையைக் கயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். இறக்கம் சீராக நடக்கும்போதே வாசகர் இதைத் தெரிந்துகொள்கிறார். ஆகவே சிம்ப்சன் அந்தரத்தில் தொங்கும்போது விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. முடிச்சு தகட்டை நெருங்கியது என்ற ஒரு செய்தி போதுமானதாகிறது.

தொழிற்சொற்களுக்கும் இதே விதி. தமிழ்நாட்டுக் கடற்கரையில் வழிதவறிய மீனவர் ஒருவரின் கதையை எழுதுபவர், வாடை, கொண்டல், சோழகம், கச்சான் ஆகிய காற்றுப் பெயர்களைக் கரையில் இருக்கும் பக்கங்களிலேயே பழக்கிவைக்கவேண்டும். நடுக்கடலில் காற்று மாறும்போது 'தென்திசையிலிருந்து வீசும் காற்றான சோழகம்' என்று விளக்கிக்கொண்டிருந்தால் படகு கவிழ்வதற்குள் வாசகர் போய்விடுவார்.

கடிகாரம் இந்த எண்களில் தனி இடம் பெறுவது. வெலாஸ்கோ தன் கைக்கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். சில மணி நேரத்தில் மீட்க வந்துவிடுவார்கள் என்று நம்பியவருக்கு நிமிடங்கள்தான் முதல் எதிரி. சிம்ப்சன் கடிகாரத்தை வேறு விதமாகப் பயன்படுத்தினார்: தூரத்தில் ஒரு பாறையைக் குறித்துக்கொண்டு, இருபது நிமிடத்துக்குள் அதை அடைவது என்று தனக்குத்தானே கெடு வைத்தார். மூன்றரை நாள் நீண்ட ஒரு பெரிய வேதனை, இருபது நிமிடத் துண்டுகளாக நறுக்கப்பட்டது. எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி அமையாது. வாசகர் ஒரு பெரிய 'பிழைப்பாரா'வுக்குப் பதிலாக ஐம்பது சிறிய 'எட்டுவாரா'க்களைப் பெறுகிறார். அவை எதற்கும் விடை அட்டையில் இல்லை.

1916-இல் அண்டார்க்டிகப் பயணத் தலைவர் ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் ஏழு மீட்டருக்கும் குறைவான 'ஜேம்ஸ் கெய்ர்ட்' படகில் எலிஃபன்ட் தீவிலிருந்து தென் ஜார்ஜியாவுக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் சென்றனர். 16 நாள் பயணத்தில் மாலுமி வொர்ஸ்லிக்குச் சூரியனை அளக்க வாய்த்தது நான்கு முறைதான். அளவில் சிறு பிசகு ஏற்பட்டால் தீவைத் தவறவிட்டு, ஆளில்லாத பெருங்கடலுக்குள் போய்விடுவார்கள். இதை எழுத உரிச்சொற்கள் தேவையில்லை. 16, நான்கு, 1,500 என்ற மூன்று எண்களை ஒழுங்காக வைத்தாலே போதும்.

குரலைத் தாழ்த்துதல்

'குலை நடுங்கியது', 'ரத்தம் உறைந்தது', 'மரணத்தின் வாசலில்', 'நெஞ்சு திக்திக்கென்று' போன்ற ஆயத்தத் தொடர்கள் பதற்றத்தைக் குறிப்பவை, உண்டாக்குபவை அல்ல. ஆச்சரியக்குறியும் மூன்று புள்ளியும் அதே இனம். நிகழ்ச்சி எவ்வளவு கொடியதோ அந்த அளவுக்கு மொழி அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு ஆப்ஸ்லி செர்ரி-கெரார்டின் 'த வொர்ஸ்ட் ஜர்னி இன் த வேர்ல்ட்' (1922) நிலையான சான்று. 1911-இன் அண்டார்க்டிகக் குளிர்கால இருளில், மூன்று பேர் எம்பரர் பென்குவினின் முட்டைகளுக்காக ஐந்து வாரம் சென்று திரும்பினார்கள். வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி செல்சியஸ்வரை இறங்கியது. புயல் கூடாரத்தைப் பறித்துக்கொண்டு போனது. பற்கள் நடுங்கியே உடைந்தன. இவற்றை அவர் கசப்பும் கேலியும் கலந்த, கொஞ்சமும் உரத்துப் போகாத குரலில் சொல்கிறார். கொண்டுவந்த மூன்று முட்டைகளை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கப் போனபோது கிடைத்த அலட்சியத்தையும் அதே குரலில் சொல்கிறார். கத்தாதவரை நம்பத் தோன்றுகிறது. நம்பிய பிறகுதான் பயம் வருகிறது.

அடக்கத்துக்கு இன்னொரு தேவையும் உண்டு. 'அலைவ்' நூலில் வருபவர்கள் பனியில் இறந்தவர்களின் உடலை உண்டு உயிர் காத்தவர்கள். அந்தப் பகுதிகளை ரீட், யார் என்ன சொன்னார், யார் மறுத்தார், யார் முதலில் கத்தியை எடுத்தார் என்ற நடைமுறை விவரங்களாகவே தருகிறார். ஒரு சொல் கூடியிருந்தாலும் அது கிசுகிசுவாகியிருக்கும்.

அவனா, அவரா, நானா

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் தமிழில் உண்டு. உயிரோடு இருக்கும் ஒரு மனிதரைப் பற்றிய உண்மைக் கதையில் 'அவன்' என்று எழுத நாகரிகம் தடுக்கிறது. 'அவர் தவழ்ந்தார், அவர் புரண்டார், அவர் கத்தினார்' என்றாலோ ஒவ்வொரு விகுதியும் ஒரு சால்வை போர்த்துகிறது. வாசகர் மரியாதையான தொலைவில் நின்றுவிடுகிறார். தப்பிக்க வழி ஒன்று இருக்கிறது. நெருக்கடியில் எழுவாயை உடலுறுப்புக்கோ பொருளுக்கோ மாற்றிவிடலாம். 'முழங்கால் கல்லில் இடித்தது. விரல்கள் மூடவில்லை. கையுறை வழுக்கியது.' அஃறிணை வினைகளுக்கு மரியாதை விகுதி இல்லை. மனிதரிடமிருந்து உடம்பு கழன்றுபோன உணர்வும் சேர்ந்து கிடைக்கிறது. கடுங்குளிரிலும் களைப்பிலும் உண்மையில் நடப்பதும் அதுதான்.

தன்மையில் எழுதினால் 'நான்' என்ற சொல்லை வினைவிகுதியே சுமந்துகொள்ளும். எழுவாயைத் தாராளமாக விட்டுவிடலாம். பலர் சேர்ந்து தவித்த கதைகளில் 'நாங்கள்' என்று தொடங்கி, ஒரு கட்டத்துக்குப் பிறகு விகுதி மட்டும் 'நடந்தோம்' என்பதிலிருந்து 'நடந்தேன்' என்று மாறினால், உடன் வந்தவருக்கு நேர்ந்ததை அறிவிக்கத் தேவையே இருக்காது.

மனக்குரலும் இதோடு சேர்ந்தது. சிம்ப்சன் தவழ்ந்த நாட்களில் தன்னிலிருந்து வேறான, உணர்ச்சியற்ற ஒரு குரல் தனக்குக் கட்டளையிட்டதாக எழுதியிருக்கிறார். அழுதுகொண்டு கிடக்கும் ஆளும் அதட்டும் குரலுமாக ஒரே உடம்புக்குள் இருவர் இருப்பதால், துணையில்லாத பக்கங்களிலும் உரையாடல் இருக்கிறது. தமிழில் இத்தகைய குரலை எழுதும்போது அது யாருடைய குரலோ அவருடைய பேச்சுவழக்கில் இருக்கவேண்டும். ராமேசுவரத்து மீனவரின் மனம் 'எழுந்திரு, துடுப்பை எடு' என்று ஏட்டுத் தமிழில் அதட்டாது. 'எந்திரிடா' என்றுதான் அதட்டும். கதைசொல்லும் நடை எழுத்துத் தமிழிலும் உள்குரல் வட்டாரப் பேச்சிலுமாக வந்தால், மேற்கோள்குறிகூட இல்லாமல் இரண்டும் பிரிந்து ஒலிக்கும்.

காது சொல்லும் செய்தி

ஐம்புலன் வருணனை பற்றி எல்லாக் கையேடுகளும் பேசுகின்றன. ஒன்றை மட்டும் இங்கே சேர்த்தால் போதும்: பொருள் பொதிந்த புலனுணர்வே பதற்றம் தரும், அலங்காரமான புலனுணர்வு தராது. 1971 டிசம்பர் 24 அன்று பெருவின் மழைக்காட்டின் மேல் லான்சா 508 விமானம் நொறுங்கியபோது, 17 வயது யூலியானே கோப்கே இருக்கையோடு கீழே விழுந்து பிழைத்தார். பெற்றோர் அந்தக் காட்டில் ஆய்வு நடத்திய விலங்கியலாளர்கள். நீரோடை வழியே போனால் மனிதர்களை அடையலாம் என்பது அவருக்குத் தெரியும். ஹோட்சின் என்ற பறவையின் குரல் கேட்டபோது பெரிய ஆறு அருகில் இருக்கிறது என்று கணித்தார். ராஜகழுகுகளின் இறக்கை ஓசை கேட்டபோது பக்கத்தில் உடல்கள் கிடக்கின்றன என்று அறிந்தார். ஒரே காட்டின் இரண்டு பறவைச் சத்தங்கள்; ஒன்று உயிர், ஒன்று சாவு. 'காடு இனம்புரியாத ஓசைகளால் நிறைந்திருந்தது' என்று எழுதுபவர் இந்த இரண்டையும் இழந்துவிடுகிறார்.

இடைவெளி

தொடர்ந்து இறுக்கினால் எதுவும் இறுக்கமாகத் தெரியாது. சிம்ப்சனின் தலைக்குள் 'போனி எம்' குழுவின் ஒரு பாட்டு விடாமல் ஓடுகிறது. பிடிக்காத பாட்டு வேறு. சிரிப்பு வரும் இடம் அது. அடுத்த பத்தியின் வலி கூடுவதும் அதனால்தான். ஏரன் ரால்ஸ்டன் 2003-இல் யூட்டா மாநிலப் பள்ளத்தாக்கு ஒன்றில் கை பாறையில் சிக்கி 127 மணி நேரம் கிடந்தவர். அவருடைய நூல், பாறை இடுக்கில் நடப்பதையும் அவருடைய முந்தைய மலைப்பயணங்களையும் மாற்றி மாற்றிச் சொல்கிறது. அசைய முடியாத ஆளின் கதைக்கு இந்த ஏற்பாடு தேவைதான். ஆனால் பழைய பயணங்கள் சில இடங்களில் நீண்டுவிடுவதால் வாசகர் பக்கங்களைத் தாண்டிப் பாறைக்கு ஓடுகிறார். இடைவேளை, தான் பிரித்த காட்சியைவிடக் குறுகியதாக இருக்கவேண்டும்.

இயல் முடிக்கும் இடத்தைப் பொறுத்தவரை தமிழ் வாசகருக்குத் தொடர்கதைப் பயிற்சி ஏற்கெனவே உண்டு. ஆன்ரி ஷாரியரின் 'பாப்பியோன்' நூலை ரா.கி. ரங்கராஜன் 'பட்டாம்பூச்சி' என்று தமிழாக்கி, அது குமுதத்தில் தொடராக வந்து பரவலாக வாசிக்கப்பட்டது. வாரம்தோறும் ஓர் ஆபத்தின் விளிம்பில் நிறுத்துவது வார இதழுக்குச் சரி. நூலில் அதே உத்தி ஒவ்வோர் இயலிலும் திரும்பினால் தந்திரம் வெளியே தெரிந்துவிடும். ஆபத்தில் முடிப்பதைவிட, ஒரு முடிவு எடுக்கப்பட்டு அதன் விளைவு தெரியாத இடத்தில் முடிப்பது மேல்.

உண்மை என்ற கட்டுப்பாடு

மேலே சொன்ன உத்திகள் எல்லாம் நாவலாசிரியருக்கும் சொந்தம். உண்மை எழுதுபவருக்கு ஒன்றுதான் கூடுதல்: நடக்காததைச் சேர்க்க முடியாது. பதற்றத்துக்காக நேரத்தைச் சுருக்குவது, நினைவில் இல்லாத உரையாடலை மேற்கோள்குறிக்குள் வைப்பது, இருவரை ஒருவராக்குவது ஆகியவை எழுதும்போது சிறியவையாகத் தோன்றும். ஸ்லாவோமிர் ராவிச் 1956-இல் வெளியிட்ட 'த லாங் வாக்', சைபீரிய முகாமிலிருந்து தப்பி இமயமலை வழியாக இந்தியாவுக்கு நடந்த கதை. பல மொழிகளில் விற்றது. 2006-இல் பிபிசி வெளிக்கொணர்ந்த சோவியத் ஆவணங்கள், அவர் 1942-இல் பொதுமன்னிப்பில் விடுதலையானதைக் காட்டின. அதற்குப் பிறகு அந்த நூலைப் படிப்பவர், பாலைவனத்தில் தாகம் எடுக்கும் பக்கத்திலும் ஆவணத்தைத்தான் நினைக்கிறார். 'பாப்பியோன்' மீதும் பிறர் அனுபவங்களைத் தன்னுடையதாக்கிய குற்றச்சாட்டு உண்டு.

நினைவு தவறும் இடத்தை மறைக்காமல் எழுதினால் அதுவே பதற்றமாக முடியும். 1996 மே 10-இல் எவரெஸ்ட்டில் எட்டுப் பேர் இறந்த புயலிலிருந்து பிழைத்த ஜான் க்ராகவர், வழிகாட்டிகளில் ஒருவரைப் புயலுக்கிடையே முகாமுக்குப் பக்கத்தில் பார்த்ததாகப் பத்திரிகைக் கட்டுரையில் எழுதினார். பின்னர் விசாரித்தபோது, தான் பார்த்தது வேறோர் ஆள் என்று தெரிந்தது. 'இன்டு தின் ஏர்' (1997) நூலில் அவர் அந்தச் சந்திப்பை முதலில் தான் நம்பியபடியே சொல்கிறார். பிறகு அது தவறு என்று எப்படித் தெரிந்தது, அந்தத் தவறான செய்தி இறந்தவரின் குடும்பத்தை எப்படித் தாக்கியது என்பதையும் சொல்கிறார். ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் கண்ணையே நம்ப முடியாது என்பதை அந்தப் பக்கங்கள் உணர்த்தும் அளவுக்கு நூலின் புயல் வருணனைகூட உணர்த்துவதில்லை.